எது நசிந்தது என்று கேளுங்கள்

கேள்வி: ஐயா, எனக்குக் கும்பகோணம் பக்கம். ஒப்பிலக்கியத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போத்லேர், வெர்லேன் போன்ற பிரெஞ்சுக் கவிஞர்களை மொழிபெயர்ப்பில் படித்ததிலிருந்து நானும் அந்த வழியில் எழுதிப் பார்க்கிறேன். என் பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எனக்கு யாப்பு சொல்லிக்கொடுத்ததே அவர்தான். ஊரில் வாராவாரம் இலக்கியக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார், அது நின்று பல வருஷம் ஆகிறது. என் கவிதைகள் நான்கைப் படித்துவிட்டு, "இது நசிவு இலக்கியம். அலங்காரம் மிஞ்சிப்போனால் அந்தச் சமூகம் முடிந்தது என்று அர்த்தம். ரோம் இப்படித்தான் அழிந்தது" என்றார். நானும் பதிலுக்குக் கடுமையாகப் பேசிவிட்டேன். இரண்டு மாதமாக எங்களுக்குள் பேச்சில்லை. ஒரு சமூகம் நசிகிறது என்பது உண்மையா? என் எழுத்து அதற்கு அறிகுறியா? இதையே ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றும் நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது? கவிதைகளையும் இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

கடிதத்தை ஒருமுறையும் கவிதைகளைப் பலமுறையும் படித்தேன். கவிதைகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் ரோம், ஏனென்றால் பெரியப்பாவின் வழக்கு முழுவதும் அந்த ஒரு சாட்சியை நம்பித்தான் நிற்கிறது.

விருந்தும் கேளிக்கையும் மிஞ்சி ரோம் அழிந்தது என்று பள்ளியிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நானும் பல ஆண்டுகள் அப்படியே நம்பினேன். வகுப்பு எடுக்க வேண்டி வந்து, ஆண்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் அந்தக் கதை கையிலேயே உதிர்ந்தது. நீங்களும் எழுதிப் பாருங்கள். "நம் பாட்டன்மாரைவிட நம் தந்தையர் தாழ்ந்தவர்கள், அவர்களைவிட நாம் கெட்டவர்கள், நம்மைவிடக் கெட்ட பிள்ளைகளை நாம் பெறப்போகிறோம்" என்று ரோமக் கவிஞர் ஹொரேஸ் பாடிய தொகுதி வெளிவந்தது கி.மு. 23 வாக்கில். ஏறக்குறைய அதே காலத்தில் ரோம வரலாற்றாசிரியர் லிவி தன் வரலாற்று நூலின் முன்னுரையில், நம் குற்றங்களையும் நம்மால் தாங்க முடியவில்லை, அவற்றுக்கான மருந்தையும் தாங்க முடியவில்லை என்று எழுதினார். இவர்கள் இப்படி வருந்தி ஏறத்தாழ 140 ஆண்டு கழித்து, கி.பி. 117-இல், திராஜன் ஆட்சியின் முடிவில்தான் அந்தப் பேரரசு தன் மிகப் பெரிய பரப்பை எட்டுகிறது. மேற்கில் கடைசிப் பேரரசனைப் பதவியிலிருந்து இறக்கியது 476-இல். அழியப்போகிறோம் என்று சொன்னதற்கும் அழிந்ததற்கும் நடுவே ஐந்நூறு ஆண்டுகள் கிடக்கின்றன.

அந்த ஐந்தாம் நூற்றாண்டு ரோமர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? 380-இலேயே கிறித்தவம் அரசின் மதமாகிவிட்டது. பெருங்குடும்பத்துப் பெண்கள் சொத்தை விற்றுத் தானம் செய்துவிட்டுத் துறவு பூண்ட காலம் அது. மேற்குப் பேரரசின் கழுத்தை நெரித்தது விருந்து அல்ல. 439-இல் வாண்டல்கள் என்ற ஜெர்மானியக் குலத்தார் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரைப் பிடித்தார்கள். வட ஆப்பிரிக்காவின் வரியும் தானியமும் கைவிட்டுப் போயின. படைக்குச் சம்பளம் கொடுக்கக் கஜானாவில் பணம் இல்லை. ஆடம்பரத்தில் ரோமுக்குச் சற்றும் குறையாத, கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளோ 1453 வரை நின்றது. ஆடம்பரம்தான் கொல்லும் என்றால் அதுவல்லவா முதலில் போயிருக்க வேண்டும்?

அப்படியானால் அந்தக் கதை எங்கிருந்து வந்தது? ரோமர்களிடமிருந்தேதான். கி.மு. 146-இல் கார்த்தேஜ் அழிந்தபின் எதிரி பயம் போய்விட்டது, அதனால் ஒழுக்கமும் போய்விட்டது என்று எழுதியவர் சல்லுஸ்ட். ஆட்சிமன்றத்திலிருந்து ஒருமுறை நீக்கப்பட்டவர். பிறகு ஆப்பிரிக்க மாகாணத்துக்கு ஆளுநராகப் போய், மக்களைச் சுரண்டினார் என்று குற்றம் சாட்டப்பட்டு, அரசியலை விட்டு ஒதுங்கிய பின் வரலாறு எழுத உட்கார்ந்தவர். அவர் எழுதியது பொய் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நசிவைப் பற்றிப் பேசுகிறவர் எந்த இடத்தில் நின்று பேசுகிறார் என்று பார்க்கும் பழக்கம் உங்களுக்கு வர வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். 1734-இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மான்டெஸ்க்யூ ரோமின் ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் பற்றி எழுதினார். ஆங்கில வரலாற்றாசிரியர் கிப்பன் ரோமின் வீழ்ச்சியைப் பற்றிய தன் ஆறு தொகுதிகளை 1776 முதல் 1788 வரை வெளியிட்டார். இங்கிலாந்து அமெரிக்கக் குடியேற்றங்களை இழந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை, கிப்பனோ நாடாளுமன்ற உறுப்பினர். ரோமைப் பற்றிப் படித்தவர்கள் தங்கள் வீட்டைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டு படித்தார்கள்.

இந்தக் கவலை இலக்கியத்துக்குள் நுழைந்த வழி உங்கள் ஆய்வுக்கு நேரடியாக வேண்டியது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 1834-இல் தெசிரே நிசார் என்ற பிரெஞ்சு விமர்சகர், பிற்கால லத்தீன் கவிஞர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வருணனை மிகுதி, புலமைக் காட்சி, சிறு விஷயத்துக்குப் பெரிய சொல், இவையெல்லாம் நசிந்த காலத்தின் கவிதைக்கு அடையாளம் என்றார். அவர் குறி லத்தீன் கவிஞர்கள் மேல் மட்டும் இல்லை, விக்தர் ஹ்யூகோ மேலும் இருந்தது. 1857-இல் போத்லேரின் கவிதைத் தொகுதியை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். 300 பிராங்க் அபராதம், ஆறு கவிதைகளுக்குத் தடை. அந்தத் தடையை நீக்கிய தீர்ப்பு 1949-இல்தான் வந்தது. போத்லேர் இறந்தபின் 1868-இல் வந்த பதிப்புக்கு முன்னுரை எழுதிய கவிஞர் கொத்தியே, ஆமாம், இது நசிவின் நடைதான், மொழி தன் எல்லை வரை முதிர்ந்தால் கிடைக்கும் நடை இது என்று பெருமையாகவே சொன்னார். பிறகு 1870-71 போரில் பிரான்ஸ் பிரஷ்யாவிடம் தோற்றது. 'நாம் நசிந்துவிட்டோம்' என்பது பத்திரிகைகளிலும் மேடைகளிலும் அன்றாடப் பேச்சானது. அந்தப் பேச்சைத்தான் 1883-இல் வெர்லேன் வாங்கித் தன் கவிதையின் வாயில் வைத்தார்: "நசிவின் முடிவில் நிற்கும் பேரரசு நான். பெரிய வெள்ளைக் காட்டுமிராண்டிகள் கடந்து போவதைப் பார்த்தபடி, சோம்பலாக, பொன் நடையில் எழுத்துக் கோத்துக் கவி கட்டிக்கொண்டிருக்கிறேன்." மூன்று ஆண்டு கழித்து அனத்தோல் பாஜூ என்பவர் 'நசிந்தவன்' என்ற சொல்லையே பெயராக வைத்துப் பத்திரிகை தொடங்கினார். வசையைத் தலையில் பூவாகச் சூடிக்கொண்டார்கள்.

வெர்லேன் சொன்ன அந்த எழுத்துக் கோக்கும் கவி நமக்கு அந்நியமில்லை. சித்திரக்கவி என்று நாம் சொல்வதன் உறவு அது. மடக்கு, சிலேடை, நாகபந்தம் என்றெல்லாம் வந்தால் 'பிற்காலம், வீழ்ச்சிக் காலம்' என்று எழுதுவது நம் இலக்கிய வரலாற்று நூல்களிலும் வழக்கமாகிவிட்டது. பெரியப்பா சொன்ன 'அலங்காரம் மிஞ்சினால்' என்ற வாக்கியம் அந்த வழக்கத்திலிருந்து வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அவரிடம் மரியாதையோடு ஒன்றை எடுத்து வைக்கலாம். மூன்றாம் திருமுறையில் சம்பந்தரின் திருமாலைமாற்றுப் பதிகம்:

யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா
காணாகாமா காழீயா மாமாயாநீ மாமாயா

கடைசி எழுத்திலிருந்து திருப்பிப் படித்தாலும் இதே பாட்டு வரும். பதினொரு பாட்டும் அப்படி. சொல்விளையாட்டின் உச்சி இது. பாடிய காலம் ஏழாம் நூற்றாண்டு, பக்தி இயக்கம் ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்த காலம். எழுச்சியின் நடுவில் நின்று ஒருவர் மாலைமாற்று பாடியிருக்கிறார் என்றால், அலங்காரம் மிஞ்சுவது அழிவின் அறிகுறி என்ற விதி எங்கே நிற்கிறது? இதை வாதத்தில் வெல்லச் சொல்லவில்லை. அவர் உங்களைவிட ஆழமாக அந்தப் பதிகத்தை அறிந்தவராக இருப்பார்.

அலங்காரக்காரர்கள் சோம்பேறிகள் என்ற எண்ணத்தையும் கொஞ்சம் அசைத்துப் பார்க்க வேண்டும். ஹூய்ஸ்மான்ஸ் 1884-இல் எழுதிய நாவலை நசிவு இயக்கத்தின் வேதம் என்பார்கள். தெ எசேந்த் என்ற செல்வன் பாரிஸை விட்டு ஒதுங்கி, ஒரு வீட்டுக்குள் முழுக்கத் தன் ரசனையால் ஆன உலகத்தைக் கட்டிக்கொள்கிறான். கம்பளத்தின் நிறம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று ஓர் ஆமையை வாங்குகிறான். போதவில்லை, ஓட்டுக்குத் தங்க முலாம் பூசச் சொல்கிறான். அதுவும் போதவில்லை, பூங்கொத்து வடிவில் கல் பதிக்க முடிவு செய்கிறான். வைரம் வேண்டாம், கடைக்காரர்களெல்லாம் சுண்டுவிரலில் போட்டுக்கொள்கிறார்கள். மாணிக்கமும் மரகதமும் வேண்டாம், குதிரை பஸ்களின் சிவப்பு பச்சை விளக்குகளை நினைவூட்டுகின்றன. இலைகளுக்கு ஆஸ்பரகஸ் தண்டின் பச்சையில் ஒரு கல், லீக்ஸ் தாளின் பச்சையில் ஒரு கல், ஆலிவ் காயின் பச்சையில் ஒரு கல் என்று தேடித் தேடி எடுக்கிறான். இத்தனை பாரத்தையும் தாங்க முடியாமல் ஆமை செத்துப்போகிறது.

இந்தப் பகுதியை வகுப்பில் வாசித்துக் காட்டியபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். நகை செய்யும் பத்தர் வீட்டுப் பிள்ளை, மாலையில் அப்பாவோடு பட்டறையில் உட்காருகிறவர். "சார், இதை எழுதினவருக்குக் கல்லு தெரியும் சார். தெரியாதவன் பச்சைக்கல்லுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருப்பான்" என்றார். முப்பது ஆண்டு ஆசிரியர் வாழ்க்கையில் அந்த நாவலைப் பற்றி நான் கேட்ட மிகச் சரியான வாக்கியம் அதுதான். களைத்துப்போனவன் கதையில் வரும் செல்வன். எழுதியவர் பிரெஞ்சு உள்துறை அமைச்சகத்தில் முப்பது ஆண்டுக்கும் மேல் எழுத்தராக வேலை பார்த்த மனிதர். அலுவலகம் போய்வந்து, ஒவ்வொரு கல்லின் பச்சையையும் பிரித்து எழுதியிருக்கிறார். அந்தச் செல்வனை அவர் மெச்சி முடிக்கவும் இல்லை. ஆமை சாகிறது, மனிதன் நோயில் விழுகிறான், பாரிஸுக்குத் திரும்பிப் போ, மனிதர்களோடு வாழ் என்று மருத்துவர் உத்தரவு போடுகிறார். நசிவை எழுதுவது ஒன்று, நசிவது வேறு.

1880-களில் பால் புர்ஜே என்ற விமர்சகர் போத்லேரைப் பற்றி எழுதும்போது நசிவு நடைக்கு ஓர் இலக்கணம் சொன்னார். புத்தகத்தின் ஒருமை குலைந்து பக்கம் தனியாக நிற்கும். பக்கம் குலைந்து வாக்கியம் தனியாக நிற்கும். வாக்கியம் குலைந்து சொல் தனியாக நிற்கும். சமூகமும் அப்படித்தான், உடம்பில் உயிரணுக்கள் தன்னிச்சையாக வேலை செய்யத் தொடங்கினால் உடம்பு கெடுவது போல, தனிமனிதர்கள் தன்போக்கில் போனால் சமூகம் கெடும். ஐரோப்பியச் சிந்தனையில் இந்தப் பத்தி விதைநெல் மாதிரி விழுந்தது. ஜெர்மன் தத்துவஞானி நீட்சே 1888-இல் இசையமைப்பாளர் வாக்னரைத் தாக்கி எழுதிய சிறுநூலில், புர்ஜேயின் பெயரைச் சொல்லாமலே இதை எடுத்தாண்டார். ஆனால் நீட்சேயிடம் ஒரு நேர்மை உண்டு. நானும் வாக்னரைப் போல இந்தக் காலத்தின் பிள்ளை, நானும் நசிந்தவன்தான், அதைப் புரிந்துகொண்டு எதிர்த்து நின்றேன் என்று முன்னுரையிலேயே எழுதுகிறார். நசிவு, நசிவு என்று பிறரை நோக்கிக் கை நீட்டிய கூட்டத்தில் தன்னையும் சேர்த்துச் சொன்ன இந்தக் குரல் எனக்கு முக்கியம்.

புர்ஜேயின் இலக்கணத்தை நம் கையில் வைத்துப் பார்த்தால் என்ன ஆகிறது? குறுந்தொகையில் நானூறு பாட்டு. நான்கு அடி முதல் எட்டு அடி வரை என்பது அளவு. ஒவ்வொன்றும் தன்னந்தனியாக நிற்கிறது. தொகுத்தவர்கள் பிறகு வந்தார்கள், புத்தகம் என்ற உடம்பு பிறகு வந்தது. 'செம்புலப் பெயல்நீர்' என்ற ஒரே தொடர் பாட்டை விட்டு வெளியே வந்து, எழுதியவருக்கே செம்புலப் பெயனீரார் என்று பெயராகிவிட்டது. சொல் தனியாக நின்றால் நசிவு என்றால் நம் இலக்கியம் பிறக்கும்போதே நசிந்து பிறந்தது என்றாகிவிடும். உடம்பு உவமை அழகானது, எளிதில் நம்பவைப்பது. ஆனால் கவிதைக்கு உயிரணு இல்லை, சமூகத்துக்குக் காய்ச்சல் வருவதில்லை.

உவமையோடு நின்றிருந்தால் பெரிய சேதமில்லை. மாக்ஸ் நோர்டாவ் என்ற மருத்துவர் 1892-93-இல் இரண்டு தொகுதி எழுதினார். வெர்லேன், வாக்னர், இப்சன், தால்ஸ்தாய், நீட்சே என்று அக்காலத்துப் பெரிய பெயர்களையெல்லாம் நோயாளிகள் பட்டியலில் வைத்தார். 'இனம் கெட்டுப்போதல்' என்ற மருத்துவச் சொல்லையே நூலின் தலைப்பாக்கினார். குற்றவாளிகளை மண்டையோட்டின் அமைப்பில் தேடிய லொம்ப்ரோசோவுக்கு நூலைக் காணிக்கை ஆக்கினார். நோர்டாவ் ஒரு யூதர், யூதர்களுக்குத் தனி நாடு கேட்ட சியோனிச இயக்கத்தைக் கட்டியவர்களில் ஒருவர். 1923-இல் இறந்துவிட்டதால், அந்தச் சொல் யார் கைக்குப் போனது என்பதை அவர் பார்க்கவில்லை.

1937 ஜூலை 18, மியூனிக். புதிதாகக் கட்டிய கலைமண்டபத்தைத் திறந்து வைத்து ஹிட்லர் பேசுகிறார். புல்வெளியை நீலமாகவும் வானத்தைப் பச்சையாகவும் தீட்டுகிறவர்களுக்கு உண்மையிலேயே கண் அப்படித் தெரிகிறது என்றால், அது பரம்பரைக் கோளாறா என்று உள்துறை அமைச்சகம் பார்த்துக்கொள்ளும் என்கிறார். கேட்டவர்களுக்கு அதன் பொருள் தெரியும். பரம்பரை நோயாளிகள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டம் 1933-இலேயே வந்துவிட்டது. அந்த ஆட்சி முடிவதற்குள் சுமார் 4 லட்சம் பேருக்கு அதைச் செய்தார்கள். மறுநாள், சற்றுத் தள்ளி வேறொரு கட்டடத்தில், நோர்டாவ் தலைப்பாக வைத்த அதே சொல்லின் பெயரில் ஒரு கண்காட்சி திறக்கப்பட்டது. அருங்காட்சியகங்களிலிருந்து பறித்த சுமார் 650 படைப்புகள். அந்தக் கண்காட்சியின் புகைப்படங்களை உங்கள் கல்லூரி நூலகத்தில் தேடிப் பாருங்கள். குறுகலான அறைகள், நெருக்கியடித்து மாட்டிய படங்கள், சில கோணலாகவே தொங்கும். சுவரில் கையெழுத்தில் கேலி வாசகங்கள். அருங்காட்சியகம் கொடுத்த விலையையும் பக்கத்தில் எழுதியிருப்பார்கள், பணவீக்க காலத்து லட்சங்களும் கோடிகளும், பார்க்கிறவருக்கு வயிறு எரியட்டும் என்று. நுழைவு இலவசம். நவம்பர் முடிவதற்குள் 20 லட்சம் பேர் பார்த்தார்கள். வழிகாட்டி நூலின் அட்டையில் ஓட்டோ ஃப்ராய்ண்ட்லிஹ் செய்த ஒரு தலைச் சிற்பத்தைப் போட்டார்கள். அவரை 1943-இல் நாஜி முகாமில் கொன்றார்கள். எமில் நோல்டே என்ற ஓவியர் நாஜிக் கட்சியின் உறுப்பினர், அந்த ஆட்சியை நம்பியவர். அவருடைய படைப்புகளைத்தான் வேறு யாருடையதையும்விட அதிகமாக, ஆயிரத்துக்கும் மேல், பறிமுதல் செய்தார்கள். அந்தச் சொல்லுக்குக் கட்சி விசுவாசமும் வேலி ஆகவில்லை.

எதிர்முகாமிலும் 'நசிவு' என்ற சொல் இதே வேலையைச் செய்தது. 1946 ஆகஸ்டில் சோவியத் கட்சி லெனின்கிராடின் இரண்டு இலக்கியப் பத்திரிகைகளைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அன்னா அக்மதோவாவின் கவிதைகளில் அவநம்பிக்கையும் நசிவும் ஊறியிருக்கின்றன என்றது. எழுத்தாளர் சங்கத்திலிருந்து அவரை வெளியேற்றினார்கள். முதலாளித்துவம் அழுகும் கட்டத்தில் இருக்கிறது, ஆகவே அதன் கலையும் அழுகல் என்ற சூத்திரம் அங்கிருந்து உலகெங்கும் போனது. தமிழில் 'நசிவு இலக்கியம்' என்ற தொடரும் பெரும்பாலும் அந்த வழியில்தான் நம் முற்போக்கு விமர்சனத்துக்குள் வந்து, புதுக்கவிதையின் மேல் விழுந்தது. பெரியப்பா இடதுசாரியா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அவர் எடுத்த சொல்லுக்கு இவ்வளவு பயணம் இருக்கிறது.

அப்படியென்றால் சமூகம் நசிவதே இல்லையா என்று கேட்பீர்கள். நசிகிறது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதைச் சொல்லும் முறையில்தான் எனக்கு வழக்கு. 1377-இல் 'முகத்திமா' (முன்னுரை) என்ற நூலை எழுதிய துனிஸ் நகரத்து வரலாற்றறிஞர் இப்னு கல்தூன், ஓர் அரசகுலத்தின் ஆயுள் மூன்று தலைமுறை, சுமார் 120 ஆண்டு என்றார். பாலைவனத்தில் ஒட்டிப் பிறந்த குலக்கட்டு நகரத்துச் சுகத்தில் தளர்கிறது என்பது அவர் வாதம். ஆடம்பரத்தைக் குறை சொல்வதில் அவரும் ஹொரேஸ் மாதிரிதான் என்று தோன்றும். ஆனால் அவர் அங்கே நிற்பதில்லை. அரசு தொடங்கும்போது வரி குறைவு, வருமானம் அதிகம். முடியும்போது வரி அதிகம், வருமானம் குறைவு. ஏன் என்று படிப்படியாகக் காட்டுகிறார். செலவு கூடுகிறது, வரி ஏறுகிறது, உழுகிறவனுக்கும் வியாபாரிக்கும் லாபம் இல்லை என்றாகிறது, தொழிலை விடுகிறார்கள், வருமானம் விழுகிறது, மறுபடி வரி ஏறுகிறது. இதில் எது தளர்ந்தது, எப்படித் தளர்ந்தது என்று விரல் வைத்துக் காட்டலாம். மறுக்கலாம், சரிபார்க்கலாம், திருத்தக்கூட முயலலாம். 'காலம் கெட்டுப்போச்சு' என்பதை ஒன்றும் செய்ய முடியாது. யாரையாவது குற்றவாளி ஆக்கத்தான் முடியும்.

இனி உங்கள் கவிதைகள். மனதில் பட்டதைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்றிலும் அப்சிந்த் என்ற பிரெஞ்சு மது வருகிறது, லில்லி வருகிறது, பாரிஸின் மூடுபனி வருகிறது. அப்சிந்தின் கசப்பு உங்கள் நாக்குக்குத் தெரியாது. அந்தப் பத்தர் வீட்டுப் பிள்ளை சொன்னதை வைத்துச் சொன்னால், கல் தெரியாமல் கல் பதித்திருக்கிறீர்கள். பெரியப்பாவின் காதில் ஏதோ பொய்யாக ஒலித்திருக்கிறது. அவர் அதற்கு வைத்த பெயர் தவறு, ஆனால் அவர் காது தவறவில்லை என்பது என் எண்ணம். அலங்காரம் மிஞ்சவில்லை அம்மா, இரவல் மிஞ்சியிருக்கிறது.

நான்காவது கவிதை வேறு. பாத்திரக்கடைத் தெருவில் ஈயம் பூசும் பெரியவர். 'நவச்சாரப் புகையில் / வெள்ளியாகிக்கொண்டிருந்தது / யாரோ வீட்டுப் பித்தளை' என்ற வரிகளை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சிறுவயதில் கேட்ட துருத்திச் சத்தத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். எவர்சில்வர் வந்தது, பித்தளை பரணுக்கு ஏறியது, ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு ஒருவராகி, பிறகு ஊருக்கு ஒருவரானார். இதுவும் நசிவுதான். இங்கே எது நசிகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதன் வாசனைகூடத் தெரிந்திருக்கிறது. இந்தக் கவிதையிலும் அலங்காரம் இருக்கிறது, ஆனால் அது உங்கள் கையில் விளைந்தது. பெரியப்பா நான்கையும் ஒரே கட்டாக வைத்துப் படித்திருப்பார். இதை மட்டும் தனியாகக் கொடுத்துப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அவர் நடத்திய வாரக் கூட்டம் நின்றுபோனது என்று. நான் அந்த வரியில் நின்றுவிட்டேன். 'இந்தச் சமூகம் முடிந்தது' என்று ஒரு தமிழாசிரியர் சொல்லும்போது, வாராவாரம் பாய் விரித்து, பத்துப் பேருக்காவது தேநீர் சொல்லி, ஒரு பாட்டை இரண்டு மணி நேரம் பிரித்துப் பேசிய இடம் இன்று இல்லை என்பது அதற்குள் இருக்கக்கூடும். அவர் உங்களிடம் அதைச் சொல்லவில்லை, ரோமைச் சொன்னார். எது நசிந்தது பெரியப்பா என்று கேளுங்கள். வாதத்துக்காகக் கேட்காதீர்கள், தெரிந்துகொள்ளக் கேளுங்கள். கூட்டம் எப்போது தொடங்கியது, யார் யார் வந்தார்கள், கடைசிக் கூட்டத்தில் எந்தப் பாட்டு, ஏன் நின்றது. அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டால் இன்னும் நல்லது. கடுமையாகப் பேசியதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். சிறியவர் நீங்கள்தான், அது உங்களுக்குச் சுலபம்.

ஆய்வேட்டுக்கு: ரோமிலிருந்து தொடங்க வேண்டாம், மூழ்கிப்போவீர்கள். முதுகலை ஏட்டுக்கு ஒரு நகரமும் ஒரு பத்தாண்டும் போதும். பாரிஸ், 1881-இல் புர்ஜே போத்லேரைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து 1889-இல் பாஜூவின் பத்திரிகை நின்றது வரை. நசிவு என்றால் என்ன என்ற வரையறையில் முதல் அத்தியாயத்தைத் தொடங்காதீர்கள். ஒரு நோட்டுப் போட்டுக்கொண்டு, அந்தச் சொல் வரும் இடங்களிலெல்லாம் யார் சொல்கிறார், யாரைச் சொல்கிறார், எது விழுந்தது என்கிறார், விழுவதற்கு முன் அது எங்கே நின்றதாக நினைக்கிறார் என்று எழுதி வாருங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பிரெஞ்சில் 'தெகதான்ஸ்' என்ற இந்தச் சொல் கீழே விழுதல் என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வருகிறது. விழுவதற்கு ஓர் உயரம் வேண்டும். நம் 'நசிவு' நசுங்குவதைச் சொல்கிறது, 'சீரழிவு' ஒழுங்கு குலைவதைச் சொல்கிறது. மூன்றும் மூன்று படங்கள். மொழிபெயர்க்கும்போது எந்தப் படம் எந்த இடத்தில் பொருந்துகிறது என்று பார்த்துச் சொல்லைத் தேர்ந்தால், உங்கள் ஏட்டின் ஒப்பிலக்கியப் பகுதி அதிலேயே கிடைத்துவிடும். மியூனிக் வரை இழுக்க ஆசை வரும். அதை முனைவர் பட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாலைமாற்றை எடுத்துக்கொண்டு பெரியப்பாவிடம் போகலாம் என்று மேலே சொன்னேன். பதம் பிரிப்பது எளிதல்ல. 'யாம் ஆமா, நீ ஆம் ஆம்', நாங்கள் கடவுளாக முடியுமா, நீயே ஆவாய் என்று தொடங்கும். 'காழீயா' என்றால் சீர்காழியில் இருப்பவனே. அதற்கு மேல் ஆள் துணை இல்லாமல் எனக்கே கால் தடுக்கும். மீதியை அவர் பிரித்துச் சொல்லட்டும். அன்று அவர் சொன்னதையும், முதல் அத்தியாயத்தையும் முடிந்தால் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.